டிஃபென்ஸ்னா சும்மா உக்காந்து சுடறது இல்ல: காலாட்படை வார்கேமுக்குப் புதுசா வந்தவங்களுக்கு

"டிஃபென்ஸ்தானே, குழி தோண்டி உக்காந்துக்க வேண்டியது, வர்றவன சுட வேண்டியது, இதுல என்ன இருக்கு." டாக்டிக்கல் வார்கேம், அதாவது சின்னச் சின்ன படைப்பிரிவுகள வச்சு ஆடற போர் விளையாட்டு, ஆட ஆரம்பிக்கற முக்காவாசி பேர் இந்த நினைப்போடதான் வர்றாங்க, நானும் அப்படித்தான் வந்தேன். முதல் மேட்ச்லயே இருபது நிமிஷத்துல லைன் உடைஞ்சு போயிடும், உடனே "கேம அட்டாக் பண்றவனுக்கு சாதகமா பண்ணி வச்சிருக்காங்க"ன்னு ஒரு முடிவுக்கு வந்துடுவாங்க. இத பல பேர் பல விதமா சொல்லக் கேட்டாச்சு, அதனாலதான் உக்காந்து எழுதறேன். கேம் மேல தப்பு இல்ல, டிஃபென்ஸ்னா என்னன்னு நாம புரிஞ்சு வச்சிருக்கறதுலதான் தப்பு.

உதாரணத்துக்கு காம்பேட் மிஷன்ங்கற கம்ப்யூட்டர் கேம எடுத்துக்கறேன். 2000ல 'பியாண்ட் ஓவர்லார்ட்' வந்துச்சு, 2011ல 'பேட்டில் ஃபார் நார்மண்டி' வந்துச்சு, ரெண்டும் 1944 ஜூன்ல இருந்து மேற்கு ஐரோப்பாவுல நடந்த சண்டைய வச்சு பண்ணது. டர்ன் முறையில ஆடினா ரெண்டு பக்கமும் ஆர்டர் குடுப்போம், அப்புறம் 60 செகண்ட் சண்டை தானா ஓடும், அந்த ஒரு நிமிஷம் நாம கைய வைக்க முடியாது. 1977ல அவலான் ஹில் கம்பெனி போட்ட 'ஸ்குவாட் லீடர்' போர்டு கேம்ல இருந்தே டிஃபென்ஸோட அடிப்படை மாறல, அதனால நீங்க எந்த கேம் ஆடினாலும் கீழ சொல்றது பொருந்தும்.

மூணு வார்த்தைய மட்டும் முதல்லயே சொல்லிடறேன். பத்து பன்னெண்டு பேர் இருக்கற குழு ஸ்குவாட். மூணு ஸ்குவாட் சேந்தா பிளாட்டூன். மூணு நாலு பிளாட்டூன் சேந்தா கம்பெனி.

கபடியில இருந்து ஆரம்பிக்கலாம்

ரைடர் ஒருத்தன் பாடிக்கிட்டு உள்ள வர்றான். இந்தப் பக்கம் ஏழு பேர் நிக்கறாங்க. ஏழு பேரும் ஒண்ணா நடுக்கோட்டுக்கு ஓடி வந்து அவன புடிக்கப் பாத்தா என்ன ஆகும்? ரெண்டு மூணு பேர தொட்டுட்டு ஒரே எட்டுல அந்தப் பக்கம் போயிடுவான், அவன் வீடு பக்கத்துலயே இருக்கே. அதனால நல்ல டீம் என்ன பண்ணுது, பின்னாடி போய் கை கோத்துக்கிட்டு அவனுக்கு எடம் விடுது. போனஸ் லைன் வரைக்கும் வரட்டும்னு விடுது. கார்னர்ல நிக்கறவன் கண்ண அவன் கால்லயே வச்சுக்கிட்டு, ஒரு கால் மட்டும் உள்ள ஆழமா வந்து ஊனற அந்த நொடியில கணுக்கால புடிக்கறான், மத்தவங்க மேல விழறாங்க. ஒருத்தன ஏழு பேர் அமுக்கறாங்க.

டிஃபென்ஸோட மொத்த விஷயமும் இதுக்குள்ள இருக்கு. நம்ம கிட்ட ஆள் கம்மி. சாதாரணமா அட்டாக் பண்றவனுக்கு கேம் அதிக பாயிண்ட் குடுக்கும், அதாவது ஆளும் பீரங்கியும் அதிகமா இருக்கும். அவனோட மொத்த பலத்தையும் நம்ம மொத்த பலம் ஒரே நேரத்துல சந்திச்சா நாமதான் தோப்போம், அது வெறும் கணக்கு. அவன் பத்து ஸ்குவாடோட வந்தாலும், சண்டை நடக்கற அந்த ஒரு நிமிஷத்துல, அந்த ஒரு எடத்துல, அவனோட ரெண்டு ஸ்குவாட் மட்டும் நம்மளோட நாலு கிட்ட மாட்டணும். மத்த எட்டும் மேட்டுக்குப் பின்னாடியோ மரத்துக்குப் பின்னாடியோ நின்னு எங்க சத்தம் கேக்குதுன்னே தெரியாம முழிக்கணும். இத உருவாக்கறதுதான் டிஃபென்ஸ் கமாண்டரோட வேல.

மொட்டமாடி: யார் யாரப் பாக்கறாங்க

இதுக்கு முதல் சாவி, லைன் ஆஃப் சைட். நான் இருக்கற எடத்துல இருந்து நீ இருக்கற எடத்துக்கு நடுவுல எதுவும் மறைக்காம ஒரு நேர்கோடு போனா அதுதான் லைன் ஆஃப் சைட். அந்தக் கோடு இருந்தா நான் உன்ன சுடலாம். எல்லாரும் மறக்கறது அடுத்த பாதிய: அதே கோட்டுல நீயும் என்ன சுடலாம்.

புதுசா ஆடறவங்க மேப்ப பாத்ததும் உச்சியான மேட்ட தேடிப் புடிச்சு, எதிரி வர்ற பக்கம் பாத்த சரிவுல எல்லாரையும் வரிசையா உக்கார வச்சிடுவாங்க, "இங்க இருந்து முழு மேப்பும் தெரியுது"ன்னு சந்தோஷம் வேற. முழு மேப்பும் உனக்குத் தெரியுதுன்னா முழு மேப்புக்கும் நீ தெரியற. எதிரியோட டேங்க், மெஷின்கன், மோர்ட்டாருக்கு (குண்ட மேல தூக்கிப் போடற சின்ன குழாய் பீரங்கி) குறி சொல்ற ஆள், எல்லாரும் 600 மீட்டர் தள்ளி நின்னுக்கிட்டு நிதானமா ஒவ்வொரு குழியா அடிப்பாங்க, அவன் காலாட்படை கிட்டயே வராது.

உங்க வீட்டு மொட்டமாடிய நினைச்சுக்கோங்க. கைப்பிடிச் சுவர் ஓரமா நின்னா தெருவுல போற அத்தன பேருக்கும் நீங்க தெரிவீங்க. அதே மாடியில பத்தடி பின்னாடி தண்ணி டேங்க் பக்கத்துல நின்னா தெருவுல ஒருத்தனுக்கும் தெரியமாட்டீங்க. உங்களப் பாக்கணும்னா ஒருத்தன் படியேறி வந்து தலைய மேல நீட்டணும், அப்படி நீட்டற நேரத்துல அவன் ஒத்த ஆள், தெருவுல நிக்கற அவனோட கூட்டத்தால அவனுக்கு ஒரு உதவியும் பண்ண முடியாது.

இதுக்குப் பேர்தான் ரிவர்ஸ் ஸ்லோப், மேட்டோட பின்சரிவுல நிக்கறது. உச்சியில இருந்து 80, 100 மீட்டர் பின்னாடி தள்ளி ஆளுங்கள வைக்கறோம், துப்பாக்கி எல்லாம் உச்சிய நோக்கியே இருக்கும். எதிரி உச்சியத் தாண்டறப்ப வானத்துக்கு எதிர்ல தனியா தெரிவான், நம்ம மொத்த பிளாட்டூனும் ஒரே நேரத்துல அவன சுடும். 1815ல வாட்டர்லூவுல பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் தன்னோட படையில பெரும்பகுதிய மேட்டுக்குப் பின்னாடிதான் வச்சிருந்தாரு, நெப்போலியனோட பீரங்கிக்கு கண்ணுக்குத் தெரியற குறி கம்மியா இருக்கணும்னு. துப்பாக்கி எவ்வளவோ மாறியாச்சு, மேடு மாறல.

ஒரு ஆபத்தும் உண்டு. எல்லாரும் பின்னாடி போயிட்டா முன்னாடி என்ன நடக்குதுன்னே தெரியாது. அதனால உச்சியில ரெண்டு மூணு பேர் மட்டும் இருக்கற சின்ன டீம் ஒண்ண படுக்க வைக்கணும், சுட இல்ல, பாக்கறதுக்கு மட்டும்.

சுருக்கமா: பாக்கற எடம் வேற, சண்ட போடற எடம் வேற. பாக்கறதுக்கு உயரம் வேணும், சண்டைக்கு மறைவு வேணும்.

ஜன்னல் வழியா பாக்கறது

மேடே இல்லாத மேப் என்ன பண்றது? அங்க வீடும் மரமும் வேலியும்தான் மேடு. ரூமுக்குள்ள ஜன்னல்ல இருந்து நாலடி தள்ளி நின்னு பாருங்க, தெருவுல ஒரு துண்டு மட்டும்தான் தெரியும். அந்தத் துண்டுல நிக்கறவனுக்கு மட்டும்தான் நீங்க தெரிவீங்க. இப்படி குறுகலான பார்வை இருக்கற எடத்துக்கு கீஹோல்னு சொல்வாங்க. மெஷின்கன்ன இப்படி வைக்கணும். புதுசா ஆடறவங்களுக்கு மனசு வராது, "இவ்வளவு கொஞ்சம்தான் தெரியுது, வேஸ்ட்டா போயிடுமே"ன்னு தோணும். அந்தக் கொஞ்சம்தான் எதிரி கடந்தே ஆகணும்ங்கற எடமா இருந்தா ஒரு சொட்டும் வேஸ்ட் இல்ல.

1944 ஜூன், ஜூலையில நார்மண்டியில ஜெர்மன்காரங்க பண்ணது இதுதான். அந்தப் பக்கத்து வயலுங்க எல்லாம் சின்னச் சின்னது, ஒவ்வொண்ணச் சுத்தியும் மண் வரப்பு, அது மேல அடர்த்தியா செடியும் மரமும், போகாஜ்னு சொல்வாங்க. ஒரு வயல்ல இருக்கறவனுக்கு அடுத்த வயல்ல நடக்கறது தெரியாது. வயலோட மூலைகள்ல மெஷின்கன்ன வச்சாங்க, வயல் நடுவுக்கு மோர்ட்டார முன்னாடியே அளந்து வச்சாங்க. அமெரிக்கப் படை கிட்ட டேங்கும் பீரங்கியும் விமானமும் கொட்டிக் கெடந்தும் ஒவ்வொரு வயலையும் தனித்தனி சண்டையா போட வேண்டியதா போச்சு. அவ்வளவு பலமும் ஒரே நேரத்துல பாக்கற மாதிரி ஒரு எடமே அங்க கெடைக்கல. கடைசியில டேங்க் முன்னாடி இரும்புப் பல்லு வெல்டு பண்ணி வரப்ப குத்திக் கிழிச்சுக்கிட்டு போக வேண்டியதாச்சு.

மெஷின்கன் ஏன் மூலையில, ஏன் நேரா இல்ல? ரேஷன் கடை க்யூவ நினைங்க. க்யூவுக்கு பக்கவாட்டுல நின்னு ஓஸ் பைப்புல தண்ணி அடிச்சா எதிர்ல நிக்கற ஒருத்தர் ரெண்டு பேர்தான் நனைவாங்க. க்யூவோட ஒரு முனையில போய் நின்னு நீளவாக்குல அடிச்சா மொத்த வரிசையும் நனையும். எதிரி நம்ம லைன நோக்கி வர்றப்ப அகலமா பரவி வருவான், அந்த வரிசையோட நீளவாக்குல சுடறதுக்கு என்ஃபிலேடுன்னு பேர். வரிசையோட முனை நம்ம மூலைப் பக்கம்தான் இருக்கும், அதான் மூலை. ஜெர்மன்காரங்களோட எம்ஜி 42 நிமிஷத்துக்கு 1,200 ரவுண்டு வேகத்துல சுடற துப்பாக்கி, அத நேரா முன்னாடி பாத்து வச்சா ஒரு ஆள குறி வைக்கறீங்க, குறுக்கால வச்சா ஒரு வயலையே மூடறீங்க. இன்னொரு லாபமும் இருக்கு: குறுக்கால சுடற துப்பாக்கிக்கு முன்பக்கம் ஒரு சுவரோ வரப்போ மறைவா இருக்கலாம், நேரா வர்றவனால அத பாக்கவே முடியாது.

குண்டு பட்டாதான் கணக்கா?

இல்ல. இதுதான் ரெண்டாவது பெரிய தப்பு. கேம்ல எத்தன பேர் செத்தாங்கன்னு மட்டும் எண்ணிக்கிட்டு இருந்தா டிஃபென்ஸ் புரியவே புரியாது. தலைக்கு மேல குண்டு போனா மனுஷன் குனிவான், குனிஞ்சவன் சுடமாட்டான், நகரமாட்டான். இந்த நெலமைக்கு சப்ரஷன்னு பேர். அது கூடக்கூட ஆளு தரையோட ஒட்டிக்குவான், அதுக்கு மேல போனா பயந்து ஓடுவான், அப்படி ஓடினவன திரும்ப சண்டைக்கு கொண்டு வர ரொம்ப நேரம் ஆகும். எவ்வளவு அடிய தாங்குவாங்கங்கறது மொரேல், பழகின படைக்கு அதிகம், புதுப் படைக்கு கம்மி.

இத வச்சு யோசிச்சா, ஏன் எல்லாரும் ஒரே நேரத்துல சுடணும்னு நான் சொல்றேன்னு புரியும். ஒரு ஸ்குவாட் தனியா 400 மீட்டர்ல சுட ஆரம்பிச்சா எதிரி படுத்துக்குவான், எங்கிருந்து வருதுன்னு பாப்பான், பின்னாடி இருக்கற தன் மெஷின்கன்ன வச்சு நம்ம ஸ்குவாட குனிய வைப்பான், அப்புறம் சாவகாசமா நகருவான். அதே எதிரி 100 மீட்டர்ல வர்ற வரைக்கும் நாம மூச்சு விடாம இருந்து, மூணு ஸ்குவாடும் ஒரு மெஷின்கன்னும் ஒரே பத்து செகண்ட்ல சுட்டா, அவன் திருப்பிச் சுடறதுக்கு முன்னாடியே சப்ரஷன்ல விழுந்துடறான்.

சுடாம இருக்கறதுதான் கஷ்டம்

காம்பேட் மிஷன்ல இதுக்கு ரெண்டு ஆர்டர் இருக்கு. ஒண்ணு ஹைட், தலைய தூக்காம படுத்துக்கோ. இன்னொண்ணு டார்கெட் ஆர்க் (கவர் ஆர்க்னும் சொல்வாங்க), நான் வரைஞ்சு குடுக்கற இந்த எல்லைக்குள்ள எதிரி வந்தா மட்டும் சுடு. ஹைட்ல இருக்கறவங்களுக்கு வெளிய நடக்கறது சரியா தெரியாது, அதனால எதிரி கிட்ட வந்ததும் ஹைட்ட எடுத்துட்டு ஆர்க்க மட்டும் வச்சுக்கறதுதான் என் பழக்கம். ஒரு எல்லைய முடிவு பண்ணுங்க, வேலி, ஓடை, ரோடு, எதாவது ஒரு அடையாளம். அதத் தாண்டற வரைக்கும் யாரும் சுடக்கூடாது.

அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கற எடத்துக்கு கில் ஜோன்னு சொல்வாங்க. அங்க எதிரிக்கு ஒளிய எடம் இருக்கக்கூடாது. 1944 செப்டம்பர் 18ஆம் தேதி, ஹாலந்துல ஆர்னெம் பாலம். வடக்கு முனையில இருந்த வீடுகள்ல லெப்டினன்ட் கர்னல் ஃபிராஸ்ட்டோட பிரிட்டிஷ் பாராசூட் படை. தெற்குல இருந்து ஜெர்மனியோட எஸ்எஸ் (நாஜிக் கட்சியோட படை) வேவுப் படை கிராப்னர் தலைமையில வண்டி வண்டியா பாலத்து மேல வந்துச்சு. வேகமா முன்னாடி வந்த சில கவச கார் தப்பிச்சு நகரத்துக்குள்ள போயிடுச்சு. பின்னாடி வந்த வண்டிங்க பாலத்து சரிவுல மாட்டிக்கிச்சு, ரெண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர், திரும்ப எடமில்ல, ஒரு வண்டி நின்னா பின்னாடி வர்றதும் நிக்கணும். டேங்க் எதிர்ப்பு ஆயுதம் கொஞ்சமா மட்டும் இருந்த காலாட்படை அந்த படைய அங்கயே நிறுத்திடுச்சு, கிராப்னரும் அதுல செத்துட்டாரு. எங்க சண்டை நடக்கணும்ங்கறத அந்தப் பாலமே முடிவு பண்ணிக் குடுத்துச்சு. உங்க மேப்ல அந்தப் பாலம் எதுன்னு தேடுங்க, அது ஒரு வெட்டவெளியா இருக்கலாம், ரெண்டு காட்டுக்கு நடுவுல இருக்கற சந்தா இருக்கலாம்.

சுருக்கமா: மறைஞ்சு இரு, எல்லை வர்ற வரைக்கும் பொறு, எல்லாரும் ஒண்ணா சுடு, தப்பிக்க எடமில்லாத எடத்துல சுடு.

மோர்ட்டார எங்க போடறது

மோர்ட்டார் குண்ட மேல தூக்கிப் போடறதால மறைவுல இருந்துக்கிட்டே அடிக்கலாம். கேம்ல அத கூப்பிட்டா உடனே விழாது, முதல்ல ஒண்ணு ரெண்டு குண்டு போட்டு தூரம் சரி பாப்பாங்க, அதுக்குள்ள சில நிமிஷம் ஓடிடும், எதிரி வேற எடம் போயிடுவான். டிஃபென்ஸ் பண்றவனுக்கு இதுக்கு ஒரு சலுகை உண்டு, டிஆர்பி. முன்கூட்டியே அளந்து வச்ச குறின்னு அர்த்தம், அங்க அடிக்கச் சொன்னா சீக்கிரமா, சரியா விழும்.

எல்லாரும் டிஆர்பிய கில் ஜோன் நடுவுல போடறாங்க. நான் அப்படி போடறத விட்டுட்டேன். கில் ஜோன நம்ம துப்பாக்கி பாத்துக்கும். சுட்டதும் எதிரி எங்க ஓடி ஒளிவான்? பக்கத்துல இருக்கற அந்தத் தோப்புக்குள்ளதான். அங்க போடுங்க டிஆர்பிய. மரத்துக்குள்ள விழற குண்டு கிளையில பட்டு மேலயே வெடிச்சு கீழ இருக்கறவங்க மேல தெறிக்கும், அதனால தோப்பு அவனுக்கு அடைக்கலமா இருக்காது.

நம்ம பீரங்கி நம்ம முன்னாடி இருக்கற எடத்துக்கு எட்டுதான்னும் பாக்கணும். 1962 நவம்பர் 18, சீனாவோட நடந்த போர், லடாக்ல ரெசாங் லா கணவாய். 13 குமாவோன் பட்டாலியனோட சார்லி கம்பெனி, மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில. நடுவுல ஒரு மலை முகடு மறைச்சதால பின்னாடி இருந்த இந்திய பீரங்கியால அவங்களுக்கு உதவவே முடியல. அந்த கம்பெனி கையில இருந்தத மட்டும் வச்சு கடைசி வரைக்கும் சண்ட போட்டுச்சு, நூறு பேருக்கும் மேல அங்கயே இறந்தாங்க. ஒரு கேமுக்கு நடுவுல இத சொல்லலாமான்னு ரொம்ப யோசிச்சேன், ஆனா மேப்ல ஒரு மேட்டுக் கோடு என்ன பண்ணும்ங்கறத எனக்குப் புரிய வச்சது அதுதான், அந்த மரியாதையோடதான் சொல்றேன்.

முள்வேலி, கண்ணிவெடி பத்தி ஒரே வரி: நம்ம துப்பாக்கி பாக்காத எடத்துல வேலி போட்டா எதிரி நிதானமா அத தாண்டிப் போயிடுவான்.

பின்வாங்கறது தோல்வி இல்ல

இங்கதான் நிறைய பேர் மனசு ஒத்துக்காம தோத்துப் போறாங்க. முதல் தடவ ஒண்ணா சுட்டு எதிரிய சிதறடிச்சாச்சு, சந்தோஷம். ஆனா இப்ப நீங்க எங்க இருக்கீங்கன்னு அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. அவன் மோர்ட்டாரும் டேங்கும் சில நிமிஷத்துல அதே எடத்துல விழும். அது விழறப்ப நீங்க அங்க இருக்கக்கூடாது. 150 மீட்டர் பின்னாடி அடுத்த எடம் முன்னாடியே பாத்து வச்சிருக்கணும், அங்க போற வழி எதிரி கண்ணுல படாததா இருக்கணும். வழி வெட்டவெளியா இருந்தா அந்த எடத்த ஆரம்பத்துலயே எடுக்காதீங்க, எவ்வளவு நல்ல எடமா இருந்தாலும் சரி.

இப்படி ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா எடம் வச்சுக்கறதுக்கு டிஃபென்ஸ் இன் டெப்த்னு பேர். முதல் உலகப்போர்ல ஜெர்மன் படை கஷ்டப்பட்டு கத்துக்கிட்ட பாடம் அது. முன் வரிசையில ஆள அடைச்சு வச்சா எதிரி பீரங்கி அத்தன பேரையும் அங்கயே முடிச்சிடுதுன்னு பாத்து, 1917 வாக்குல முன்னாடி கொஞ்ச பேர மட்டும் வச்சு, பெரும்பகுதிய பின்னாடி வச்சு, எதிரி உள்ள வந்து களைச்சுப் போனதும் திருப்பி அடிக்கற முறைக்கு மாறினாங்க.

அந்தத் திருப்பி அடிக்கறதுக்கு கவுண்டர் அட்டாக்னு பேர், அதுக்கு கையில இருக்க வேண்டியது ரிசர்வ், அதாவது ஆரம்பத்துல எங்கயும் மாட்டாம தனியா வச்சிருக்கற படை. கம்பெனி இருந்தா ஒரு பிளாட்டூன், பிளாட்டூன்தான் இருக்குன்னா ஒரு ஸ்குவாட். சண்டை சூடா இருக்கறப்ப அத அனுப்பிடலாம்னு கை துறுதுறுன்னு இருக்கும். அனுப்பாதீங்க. எதிரி உங்க எடத்த புடிச்ச உடனே இருக்கற அந்த ஒண்ணு ரெண்டு நிமிஷம்தான் நேரம். அவன் ஆள இழந்திருப்பான், தோட்டா தீந்திருக்கும், ஸ்குவாடுங்க ஒண்ணோட ஒண்ணு கலந்திருக்கும், அவன் மெஷின்கன் இன்னும் பின்னாடியே இருக்கும். அஞ்சு நிமிஷம் விட்டா எல்லாத்தையும் சரி பண்ணிடுவான், அப்புறம் போனா நீங்க அட்டாக் பண்றவனா மாறிடுவீங்க, அவன் டிஃபென்ஸ்.

நான் ஒரு மேட்ச்ல ரிசர்வ் பிளாட்டூன ஆரம்பத்துலயே இடது பக்கம் ஓட்டைய அடைக்க அனுப்பிட்டேன், அங்க வந்தது வெறும் ரெண்டு ஸ்குவாட், நம்மள திசை திருப்பறதுக்கு வந்தது. உண்மையான அட்டாக் வலது பக்கம் வந்தப்ப கையில ஒண்ணும் இல்ல. அதுக்கப்புறம் நான் வச்சிருக்கற பழக்கம், எதிரியோட முக்கிய பலம் எங்கன்னு கண்ணால பாக்கற வரைக்கும், டேங்க் எந்தப் பக்கம் வருது, கூட்டமா எந்தப் பக்கம் வர்றான்னு பாக்கற வரைக்கும், ரிசர்வுக்கு ஆர்டரே குடுக்கறதில்ல.

முதல் தடவ ஆடறப்ப

குவிக் பேட்டில்ல (மேப்பும் படையும் நாமளே தேர்ந்தெடுத்து ஆடற தனி சண்டை) 'புரோப்' எடுத்துக்கோங்க, அதுல அட்டாக் பண்றவனுக்கு சாதகம் கம்மி, மேப்ப சின்னதா வச்சுக்கோங்க. ஒரு கம்பெனி, ரெண்டு மெஷின்கன், ஒரு மோர்ட்டார் டீம், ரெண்டு டிஆர்பி போதும். ஆளுங்கள வைக்கறதுக்கு முன்னாடி கேமராவ எதிரி ஆரம்பிக்கற எடத்துக்குக் கொண்டு போய், தரையோட ஒட்டற உயரத்துக்கு எறக்கி, அவன் நடக்கப் போற வழியிலயே மெதுவா நடந்து வாங்க. எந்த எடத்துல உங்களுக்கே "இங்க இருந்து எதுவும் தெரியலயே, ஆனா அடுத்த அடி வெட்டவெளி"ன்னு நெஞ்சு படபடன்னு அடிக்குதோ, அந்த எடத்த மட்டும் பாக்கற மாதிரி முதல் மெஷின்கன்ன வைங்க. எனக்கு இந்த நடைக்கே பல தடவ அரை மணி நேரம் ஆகும், அதுக்கப்புறம்தான் முதல் குழிய தோண்ட ஆரம்பிப்பேன்.